கித்தேரி வீட்டுக்கு வந்த உப்பு

சிப்பிமுனைக் கடல்ல உப்பு கொறைய ஆரம்பிச்சது பங்குனி மாசத்துல ஒரு புதன்கிழமை, அத முதல்ல கண்டுபுடிச்சது லேயோன் மாமாவோட நாக்கு. ஏன்னா அந்த ஊருல வள்ளத்தத் தள்ளுறதுக்கு முன்னால எல்லா ஆம்பளைங்களும் கைய அலையில நனைச்சு, நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள்னு சிலுவை போட்டு, வெரல் நுனியில மிச்சம் தொங்குற சொட்ட நாக்குல வச்சுக்கிட்டுத்தான் ஏறுவாங்க, அவங்க அப்பன் ஏறுனதும் அப்படித்தான், அப்பனோட அப்பன் ஏறுனதும் அப்படித்தான், அதனால அந்த ஊரு நாக்குங்களுக்கு அவங்கவங்க வீட்டுக் கொழம்போட உப்ப விட கடலோட உப்பு நல்லாத் தெரியும். லேயோன் மாமா சொட்ட வச்சாரு, மூஞ்சியச் சுளிச்சாரு, துப்பிட்டு மறுபடியும் வச்சாரு.

"எலேய், கடலு சப்புனு இருக்குல்லா!"

"நேத்து அடிச்சது இன்னும் எறங்கலையோ மாமா?"

"என் வாய அப்புறம் மோந்து பாரு, முதல்ல கடல நக்கிப் பாருல."

எல்லாரும் நக்கிப் பாத்தாங்க. சப்புனுதான் இருந்துச்சு, உப்பு மட்டா விழுந்த ரசம் மாதிரி. அதுக்காக வலை போடாம இருக்க முடியுமா, போனாங்க, வந்தாங்க, மறுநாளும் நக்கிப் பாத்தாங்க, இன்னும் கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு, அதுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம், இப்படியே கொறைஞ்சு கொறைஞ்சு பதினோராவது நாள் உப்பளத்துல வேலை பாக்குற மெற்றில்டா ஒரு குடம் கடத்தண்ணிய மோந்துட்டுப் போயி அதுல துவரம்பருப்பு போட்டா, பருப்பு பூ மாதிரி வெந்துச்சு. அம்புட்டுத்தான். ஊருக்குள்ள குழாய் இருந்தும் தண்ணி பாத்து வருசக்கணக்கான சனம், குடம் குடமா, அண்டா அண்டாவா கடலுக்கு நடந்துச்சு, சோப்பு நுரைச்சுச்சு, தலைமுடி சிக்கில்லாம வந்துச்சு, எருமைங்க முட்டளவு அலையில நின்னு நிம்மதியா குடிச்சுச்சு, தண்ணி லாரிக்காரன் ரெண்டு நாள் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு மூணாவது நாள் அவனே ஒரு குடத்தோட எறங்கி மோந்துட்டுப் போனான். யாரும் பெருசா ஆச்சரியப்படல. கடல் குடுக்கும், எடுக்கும், இந்தத் தடவ தண்ணி குடுத்துருக்குன்னு விட்டுட்டாங்க.

பள்ளிக்கூடத்து ஜெயபாண்டி சாரு மட்டும்தான் போர்டுல மலை, ஆறு, சூரியன் எல்லாம் வரைஞ்சு வெளக்குனாரு. சன்னலுக்கு வெளிய குடத்தோட பொம்பளைங்களும் நின்னு கேட்டாங்க.

"மழைத்தண்ணி மலைப்பாறையக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்குது. ஆறு அதத் தூக்கிட்டு வந்து கடல்ல போடுது. கடலுக்கு அடியில சூடா வெடிப்பு வெடிப்பா இருக்கு, அங்கருந்தும் வருது. வெயில் என்ன பண்ணுது, தண்ணிய மட்டும் எடுத்துட்டு மேல போயிருது, உப்ப விட்டுட்டுப் போயிருது. இப்படிக் கோடிக்கணக்கான வருசம். உலகத்துக் கடல் உப்ப எல்லாம் அள்ளி நெலத்துமேல பரப்புனா நாப்பது மாடி ஒசரத்துக்கு வரும், தெரியுமா?"

"தண்ணி போயிரும், உப்பு கெடக்கும். இதச் சொல்லவா சார் இம்புட்டுப் படம்? நாங்க பாத்தியில தெனமும் பாக்குதோம்"னா மெற்றில்டா. "இப்ப அது எங்க போச்சு? அதச் சொல்லுங்க."

சாரு சாக்பீஸக் கீழ வச்சாரு. "உப்பு எங்கயும் போகாதும்மா. கரையும், ஆனா போகாது. ஒரு எடத்துல இல்லைன்னா இன்னொரு எடத்துல இருக்கும்."

அதக் கேட்டதும் கூட்டத்துக்குக் கடைசியில நின்ன கித்தேரி, குடத்துத் தண்ணி சேலையெல்லாம் தளும்ப விறுவிறுன்னு வீட்டப் பாத்து நடந்தா. ஏன்னா அது எங்க இருக்குன்னு அவளுக்கு மட்டும் தெரியும்.

கித்தேரிக்கு முப்பத்தாறு வயசு, அளத்துல உப்பு வாருற வேலை. வெள்ளை வெளேர்னு கண்ணக் கூசுற பாத்தியில எறங்கி, நீளக் கம்புல மாட்டுன பலகையால உப்ப ஓரத்துல இருந்து நடுவுக்கும் நடுவுல இருந்து குமிக்கும் இழுத்து இழுத்து, அவ தோளு ரெண்டும் ஆம்பளை தோளு மாதிரி இருக்கும். அவ புருசன் சந்தியாகு, சங்குகுளி. ஆறு வருசத்துக்கு முன்னால, கச்சான் காத்து பேய் மாதிரி அடிக்குற ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கடலுக்குள்ள முங்குனவரு மேல வரல. கூடப் போன வள்ளக்காரங்க ரெண்டு பகல் தேடுனாங்க. உடம்பும் கெடைக்கல, துணியும் கெடைக்கல.

சிப்பிமுனையில அதுக்கு ஒரு வழமை இருக்கு. கடலு ஆளத் திருப்பித் தரலைன்னா, நாப்பது நாள் பாத்துட்டு, அந்த ஆளு எடைக்கு எடை உப்பு நிறுத்து, சவப்பெட்டியில கொட்டி, மேல அவரு சட்டைய விரிச்சு, மணியடிச்சு, கல்லறையில எறக்கிருவாங்க. உப்புப்பெட்டின்னு பேரு. ஐப்பசியில மழை பெஞ்சா உள்ள இருக்குற உப்பு கரைஞ்சு மணலு வழியா கடலுக்கே போயிரும், குழிமேடு ஒரு சாண் எறங்கும், வீட்டு ஆளுங்க வந்து ஒரு கூடை மணல் போட்டுட்டுப் போவாங்க. மலையில இருந்து ஆறு கொண்டார உப்பு பாதின்னா, நம்ம கல்லறையில இருந்து போற உப்பு மீதின்னு அந்த ஊருல சொல்லுவாங்க. அப்படி எறங்கிப் போன குழி பத்தொம்பது இருக்கு அங்க.

அந்தப் பத்தொம்பதுல ஒண்ணு தொம்மையண்ணனோடது, ஆனா தொம்மையண்ணன் உசுரோட இருக்காரு. அவரு வள்ளம் திசை மாறி எல்லை தாண்டி, அந்தப் பக்கத்து ஜெயில்ல பதினோரு மாசம் இருந்துட்டு வந்து பாத்தா, ஊரு அவருக்கு உப்புப்பெட்டி எறக்கி, பூசை வச்சு, சோறும் போட்டு முடிச்சிருந்துச்சு. எறக்குன பெட்டியத் தோண்டி எடுக்குற வழமை இல்ல. அதுல இருந்து அவரு நாக்குக்கு எதுலயும் உப்பு தெரியாது, ஊறுகாய வழிச்சு நக்குனாலும் தெரியாது, வருசாவருசம் கல்லறைத் திருநாளுக்கு அவரே போயி அவரு குழியில மெழுகுவர்த்தி கொளுத்திட்டு வருவாரு. வேற யாரு கொளுத்துவா?

அதனாலதான் கித்தேரி பெட்டிக்குச் சம்மதிக்கல. "தொம்மையண்ணன் வரலையா? இவரும் வருவாரு"ன்னுட்டா. உபதேசியார், கோயில் காரியமெல்லாம் பாக்குறவரு, நாலு தடவ வந்து பேசுனாரு. அஞ்சாவது தடவ, "சரி பிள்ள, எடையாவது சொல்லு, எடை தெரியாமப் பெட்டி கட்டக் கூடாது"ன்னாரு. "எனக்குத் தெரியாது"ன்னா. தெரியும். தூத்துக்குடி ஸ்டேசன்ல எடை மெசின்ல ஏறி, காசு போட்டு, சிவப்பு பச்சை லைட்டு சுத்துறதப் பாத்து பச்சைப்புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டே அவரு எடுத்த அட்டை, மாதா சுருபத்துக்கு அடியில இருக்கு. ஒரு பக்கம் நடிகை படம், மறுபக்கம் அறுபத்தோரு கிலோ, அதுக்குக் கீழ 'நீ விரும்பியவர் உன்னை மறவார்'னு ஒரு வரி.

ஆனா ஊருக்குத் தெரியாத இன்னொண்ணு இருந்துச்சு, அதுதான் அவளத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அந்த வெள்ளிக்கிழமைக்கு மொத நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. கச்சான்ல முங்காதீரும்னு அவ சொன்னா, முங்காம வீட்டுல பாயப் போட்டுப் படுக்கவான்னு அவரு கேட்டாரு, வார்த்தை முத்திப்போச்சு. காலையில அவ வேணும்னே கஞ்சியில உப்பு போடல. பதினோரு வருசமா தெனமும் மொத வாய் குடிச்சதும் மீசையத் தொடச்சுக்கிட்டு, "உப்பு சரியா இருக்கு, கித்து"ன்னு சொல்லுவாரு, அதுக்கு மேல ஒரு புகழ்ச்சி அவரு வாயில இருந்து வந்ததே இல்ல, கித்துன்னு அவரத் தவிர உலகத்துல வேற யாரும் கூப்புட்டதும் இல்ல. அன்னைக்கு மொத வாய் குடிச்சாரு. அவளப் பாத்தாரு. தட்டக் கீழ வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம வலைப்பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

கோவத்துல எங்கயாவது கரையேறிப் போயிருந்தா உசுரோட இருப்பாரு. உசுரோட இல்லைன்னா, பசியோடவும் மனத்தாங்கலோடவும் செத்துருப்பாரு. அவளுக்கு மொதலாவதுதான் வேணும். எந்த ஊருல எவ கூட இருந்தாலும் சரி, கோவத்தோட உசுரோட இருக்கட்டும். அன்னையில இருந்து அவ கை உப்புச் சாடிப் பக்கமே போகல. பகலெல்லாம் டன் டன்னா உப்பு வாரிட்டு, வீட்டுக்கு வந்து உப்பில்லாத கஞ்சியக் குடிச்சா, ஆறு வருசம்.

கடல் மொத மொத சப்புனு ஆன அந்தப் புதன்கிழமை உச்சி வேளையில, தெருவுல காக்காகூட இல்லாத நேரத்துல, அளத்துல இருந்து வந்து வெறுந்தரையில சாஞ்சிருந்த கித்தேரி, வாசல்ல இருந்து அடுப்பங்கரை வரைக்கும் ஈரக் கால்தடம் இருக்குறதப் பாத்தா. ஒத்த ஆளு தடம். மணல்ல இருந்து வந்து, படியேறி, அவரு எப்பவும் சம்மணம் போட்டு உக்காருற எடத்துல போயி நின்னுருந்துச்சு. திரும்பிப் போன தடம் இல்ல. ஈரம் காயக் காய ஒவ்வொரு தடமும் ஓரத்துல வெளுத்து, பூத்து, பொரிஞ்சு, உப்பாயிருச்சு. எடது காலுக்கு நாலு வெரலுதான். சந்தியாகுவோட எடது கால் சுண்டுவெரலப் பாறை அறுத்தது கல்யாணத்துக்கு மறு வருசம்.

அவ கத்தல. உப்பு வாருறவளுக்கு உப்பக் கண்டா கை வாரத்தான் போகும், அதான் அவ பண்ணுன தப்பு. கும்புட்டிருக்கலாம், பேரச் சொல்லிக் கூப்புட்டிருக்கலாம், பக்கத்துல உக்காந்து என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ என்னடான்னா மூலையில கெடந்த பலகைய எடுத்து, பாத்தியில வாருற மாதிரியே, ஓரத்துல இருந்து நடுவுக்கு, நடுவுல இருந்து குமிக்குன்னு வாரி நீல டிரம்முல போட்டுட்டா. போட்டு மூடியும் வச்சுட்டா.

மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். தெனமும் அதே உச்சி வேளை, அதே எடம், அதே நாலு வெரலு. நாலாவது நாள் அவ அந்த எடத்துல ஒரு தட்டுல கஞ்சி ஊத்தி வச்சுட்டு, செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. எந்திரிச்சுப் பாத்தா கஞ்சி அப்படியே இருந்துச்சு, ஒரு வாய் மட்டும் கொறைஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் தெனமும் ஒரு வாய்தான் கொறைஞ்சுச்சு. ஒரே ஒரு வாய் குடிச்சுட்டு வைக்குறது யாருன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. இம்புட்டு இம்புட்டா வாராரு, ஒரு நாள் முழுசா வருவாருன்னு நெனச்சுக்கிட்டா. டிரம்மு ஏறிக்கிட்டே வந்துச்சு, கடல் இனிச்சுக்கிட்டே போச்சு.

இருவதாவது நாளுக்கு மேல ஊருக்குச் சங்கடம் தொடங்குச்சு. உப்பு இல்லாத தண்ணியில வள்ளமெல்லாம் வெரக்கடை தாழ்ந்து நின்னுச்சு. மீனு போயிருச்சு, வலையில வெறும் பாசிதான் வந்துச்சு. பாத்தியில விட்ட தண்ணி வத்துச்சு, அடியில ஒண்ணுமே இல்ல, ஈர மண்ணுதான், கணக்கப்பிள்ளை கொட்டகையப் பூட்டிட்டுப் போயிட்டாரு, வாருற பொம்பளைங்க நாப்பது பேருக்கும் வேலை இல்ல. அதோட வீட்டுச் சாடியில இருந்த உப்பும் சப்புனு ஆயிருச்சு, டவுன்ல இருந்து பாக்கெட் உப்பு வாங்கியாந்தா ஊரு எல்லைப் பாலத்தத் தாண்டுறப்பவே அதுவும் வெறும் வெள்ளைப் பொடியாப் போச்சு. ஊரே உப்பில்லாமச் சாப்புட்டுச்சு. மூணே நாள்ல எல்லாத்துக்கும் கிறுக்குப் புடிக்குற மாதிரி ஆயிருச்சு.

அப்பத்தான் பக்கத்து வீட்டு மெற்றில்டா, நெருப்புப்பெட்டி கேக்க வந்தவ, டிரம்மு மூடியத் தூக்கிப் பாத்துட்டா. வெரல விட்டா. நாக்குல வச்சா. அவ கண்ணு ரெண்டும் அப்படியே விரிஞ்சுச்சு.

"ஏட்டி! இங்க இம்புட்டு வச்சுக்கிட்டா ஊமை மாதிரி இருக்க? உப்புத்தான், சத்தியமா உப்பு! ஒரு கை குடுட்டி."

"எக்கா, அது..."

"உனக்குத்தான் உப்பே ஆகாதே. ஒரு கைட்டி."

உப்பு வாருற பொம்பளைங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு: கூட வாருறவ உப்பு கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது, எதுக்குன்னும் கேக்கக் கூடாது. கித்தேரி கை தானா ஒரு கை அள்ளிக் குடுத்துருச்சு. மறுநாள் காலையில வாசல்ல பன்னெண்டு கிண்ணம். அதுக்கு மறுநாள் ஊரே நின்னுச்சு. லேயோன் மாமா வீட்டுக்கு ஒரு கை, உபதேசியாருக்கு ஒரு கை, சாரு வீட்டுக்கு ஒரு பொட்டலம். தொம்மையண்ணன் மட்டும் கிண்ணம் கொண்டாரல, அவருக்கு எதுக்கு. அன்னைக்குச் சிப்பிமுனையில எல்லா அடுப்புலயும் கொழம்பு கொதிச்சுச்சு, எல்லாரும் தட்ட நக்கிச் சாப்புட்டாங்க.

சாப்புட்டு எந்திரிச்சப்போ, லேயோன் மாமா எடது கால லேசாச் சாச்சு நடந்தாரு. ஏன் மாமா நொண்டுதீருன்னு கேட்டா, நானா, நான் எங்கல நொண்டுனேன்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் சாரு ஒரு பாட்ட சீட்டியடிச்சாரு, அந்தப் பாட்டு சாருக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் உச்சி வேளையில செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து மெற்றில்டா சத்தமா, "கித்து, தண்ணி கொண்டா"ன்னா. கித்தேரி கையில இருந்த செம்பு கீழ விழுந்துச்சு.

"எக்கா, இப்ப என்ன சொல்லிக் கூப்புட்ட?"

"நானா? நான் யாரக் கூப்புட்டேன்? பருப்புல கல்லு பொறுக்கிக்கிட்டு இருக்கேன்."

அதுக்கப்புறம் உச்சி வேளையானா தெருவுல ஒவ்வொரு ஆளா வீட்ட விட்டு வெளிய வந்து, எதுக்கு வந்தோம்னு தெரியாம, கித்தேரி வீட்டப் பாத்து நிப்பாங்க. உபதேசியார், சிரிச்சு யாரும் பாக்காத மனுசன், செருப்பக் கழட்டிட்டு நேரா உள்ள வந்து அடுப்பங்கரையில அந்த எடத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவருக்கே வெக்கமாப் போச்சு. "மன்னிச்சுக்கம்மா. ஏன் வந்தேன்னே தெரியல. பசிக்குது. பொம்பளை ஒருத்தி மேல ஏதோ வருத்தமா இருந்துச்சு, யாருன்னும் தெரியல"ன்னுட்டு எந்திரிச்சுப் போனாரு. அந்த 'வருத்தம்'ங்கிற வார்த்தையத்தான் கித்தேரி ஆறு வருசமாப் பயந்துக்கிட்டு இருந்தா.

அன்னைக்குத் தொம்மையண்ணன் வந்தாரு. அவரு பொண்டாட்டி பக்கத்து வீட்டுல உப்பு வாங்கி ஆக்கி, கட்டாயப்படுத்திப் போட்ட சோத்துல மொத வாய் வச்சிருக்காரு, வருசக்கணக்கா மண்ணு மாதிரி இருந்த நாக்குல உப்பு சுள்ளுன்னு ஏறியிருக்கு, தட்டத் தள்ளிட்டு அப்படியே கைகூடக் கழுவாம ஓடி வந்துருக்காரு.

"தங்கச்சி, இது உப்பு இல்ல. இது ஆளு."

அவ டிரம்மு மூடிய இறுக்கி மூடுனா.

"சந்தியாகுதான?"

"அவரு வாராருண்ணே"ன்னா கித்தேரி. "கொஞ்சம் கொஞ்சமா வாராரு. நீங்க வரலையா?"

தொம்மையண்ணன் சோத்துக் கைய வேட்டியில தொடச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்தாரு. "நான் எப்படி வந்தேன் தெரியுமா? கப்பல்ல வந்தேன், போலீசு வண்டியில வந்தேன், சொறி புடிச்சு, தாடியில பேனோட வந்தேன், வந்த அன்னைக்கே என் பொண்டாட்டி கூடச் சண்டை போட்டேன், அவ கரண்டிய விட்டெறிஞ்சா. உசுரோட வாரவன் அப்படித்தான் வருவான். இப்படி வெள்ளையா, சுத்தமா, சத்தமில்லாம வரமாட்டான், தங்கச்சி."

கித்தேரி அடுப்பங்கரையவே பாத்துக்கிட்டு இருந்தா.

"எனக்குப் பெட்டி எறக்குனது தப்பு, அதோட தண்டனைய நான் அனுபவிக்குதேன். இவனுக்கு எறக்காம இருக்குறதும் அதே தப்புதான். கடல்ல முழுசாக் கரைஞ்சு கெடந்தவன் இருக்க எடம் இல்லாம வீடு தேடி வந்துட்டான், வாரப்போ கடல் உப்ப எல்லாம் இழுத்துக்கிட்டு வந்துட்டான். அங்க நாப்பது பொம்பளைங்க அடுப்பு எரியல. போட்டும், விடு."

"விட்டுட்டா அவரு கோவத்தோடவே போயிருவாருண்ணே!" அவ கத்துனா, தெருவே கேட்டுச்சு. "நான் வேணும்னேதான் உப்பு போடல. வேணும்னே. அந்த மனுசன் வெறும் வயித்தோட போனாரு. அதக் கேக்கத்தான் தெனமும் வந்து ஒரு வாய் குடிச்சுட்டு வைக்குதாரு. இத மண்ணுக்குள்ள வச்சுட்டா நான் யாருகிட்ட கேப்பேன்?"

சனம் தெருவுல கூடிருச்சு. லேயோன் மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மெற்றில்டாதான் உள்ள வந்து பக்கத்துல உக்காந்து, "ஏட்டி, எத்தன தடவ நான் என் வீட்டுக்காரருக்கு வேணும்னே பச்சை மொளகாய அரைச்சு ஊத்திருக்கேன் தெரியுமா? அவரு மூக்கச் சிந்திக்கிட்டே தின்னுட்டு இன்னும் உசுரோட சுத்துதாரு. உன் நேரம், அன்னைக்குக் கச்சான் அடிச்சுச்சு"ன்னா. கித்தேரி சேலைத் தலைப்ப எடுத்து மொகத்த அழுத்தித் தொடச்சா. ஆனா அழல.

மறுநாள் உச்சி வேளையில கால்தடம் வரல. தட்டுல கஞ்சி ஒரு சொட்டுக்கூடக் கொறையல. அவ மாதா சுருபத்தத் தூக்கி அந்த அட்டைய எடுத்துட்டுப் போயி உபதேசியார் கையில குடுத்தா.

அளத்துத் தராச ரெண்டு பேரு தூக்கியாந்தாங்க. டிரம்முல இருந்து கூடை கூடையா நிறுத்துப் பெட்டியில கொட்டுனாங்க, மெற்றில்டா எண்ணிக்கிட்டே வந்தா. கடைசிக் கூடையும் ஏறுச்சு. அம்பத்தொம்போதரை.

"அறுபத்தொண்ணுக்கு ஒன்றரை கொறையுதே"ன்னாரு உபதேசியார். "கொறையாப் பெட்டி எறக்கக் கூடாதும்மா."

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. லேயோன் மாமா மெதுவா எடது கால இழுத்து வேட்டிக்குள்ள மறைச்சாரு. சாரு வாயில இருந்த சீட்டி பாதியில நின்னுச்சு. தொம்மையண்ணன்தான் பேசுனாரு: "கொறை எங்க இருக்குன்னு தெரியாதா? நம்ம எல்லார் வயித்துலயும்தான இருக்கு. அதுவும் ஒரு நாள் இந்தக் கல்லறைக்குத்தான் வரும், இன்னைக்கே அவசரம் என்ன? எறக்குங்க."

சட்டைய விரிச்சாங்க, ஆறு வருசம் மடிச்சு வச்ச ஊதாச் சட்டை. மூடியத் தூக்குனப்போ, "பொறுங்க"ன்னா கித்தேரி. டிரம்முக்கு அடியில ஒரு ஓரமா, பலகைக்கு எட்டாம, மொத நாள் மொதத் தடத்தோட உப்பு கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு, இன்னும் ஈரமா. எல்லாரும் மேலாப்புலதான் அள்ளிட்டுப் போயிருந்தாங்க, அடியத் தொடல. அவ உள்ள குனிஞ்சு, நகத்தால அதச் சொரண்டி, ஆறு வருசமா உப்பு படாத நாக்குல வச்சுக்கிட்டா.

தண்ணி. பச்சையா வெளிச்சம், மேல ரொம்ப தூரத்துல. எடது காலு பழைய வலை ஒண்ணுல சிக்கியிருக்கு, இழுக்க இழுக்க இறுகுது. வலைப்பையில ரெண்டு சங்கு. வயித்துல பசி, காலையில குடிச்ச ஒரே ஒரு வாய்க் கஞ்சி. பயம் இருக்கு, இல்லாம இல்ல. அதுக்குள்ள அவ மொகம் வருது, அடுப்புக்குப் பக்கத்துல, உதட்டக் கடிச்சுக்கிட்டு, அவரு பாக்குதாரான்னு பாக்காத மாதிரி பாக்குற அந்த மொகம். சாயங்காலம் போயி அவகிட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்காரு, போறப்ப கடைத்தெருவுல மல்லியப்பூ வாங்கணும்னும் நெனச்சு வச்சிருக்காரு. மூச்சு முடியுது. வாய் தானாத் தொறக்குது. கடல் உள்ள வருது, வாய் நெறைய, தொண்டை நெறைய, கரிச்சுக்கிட்டு. அந்த நேரத்துல, வேற ஒண்ணும் இல்ல, பதினோரு வருசப் பழக்கத்துல, அந்த மனுசன் சொல்லுதாரு:

உப்பு சரியா இருக்கு, கித்து.

கித்தேரி அப்படியே டிரம்மப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. அப்புறம் அழுதா. ஆறு வருசத்தையும் சேத்து அழுதா, மெற்றில்டா அழுதா, தராசு தூக்கியாந்த ரெண்டு பேரும் அழுதாங்க, யாருக்காகன்னு கேக்காம ஊரே அழுதுச்சு, எல்லார் கன்னத்துலயும் வழிஞ்சது உதட்டுக்கு வந்தப்போ நல்லாக் கரிச்சுச்சு. மணியடிச்சுப் பெட்டிய எறக்குனாங்க. இருவதாவது குழி.

மூணாவது நாள், சித்திரையில வழக்கமே இல்லாத ஒரு மழை வந்து ஒரு பகல் முழுக்க நின்னு பெஞ்சுச்சு. குழிமேடு ஒரு சாண் எறங்குச்சு. மறுநாள் காலையில லேயோன் மாமா கைய நனைச்சு, சிலுவை போட்டு, சொட்ட நாக்குல வச்சு, கொஞ்ச நேரம் கண்ண மூடி நின்னுட்டு, "தள்ளுங்கல வள்ளத்த"ன்னாரு. எருமைங்க ஒரு வாய் குடிச்சுட்டுத் தும்முச்சு. தண்ணி லாரிக்காரன் திரும்பி வந்து ஆரன் அடிச்சான்.

எல்லாம் பழையபடி ஆயிருச்சு, அந்த ஒன்றரைக் கிலோவத் தவிர. அது இன்னும் ஊருக்குள்ளதான் இருக்கு. அத வச்சு மொதல்ல பல வீட்டுல சண்டை நடந்துச்சு, யாருய்யா அந்தக் கித்து, எந்த ஊர்க்காரின்னு லேயோன் மாமா பொண்டாட்டி மாமாவ ரெண்டு நாள் வெளியவே படுக்க வச்சா. இப்ப யாரும் கேக்குறதில்ல. கித்தேரி அளத்துல இருந்து பதினோரு மணிக்கு வந்து, காலக் கழுவி, கஞ்சியில உப்பு போட்டுக் கலக்கி, தட்ட மடியில வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காருவா. குடிக்க மாட்டா, காத்திருப்பா. உச்சி வேளை வரும். தெருவுல ஒவ்வொரு வீட்டுலயா தட்டு வைக்குற சத்தம் கேக்கும், மொத வாய் உள்ள போற நேரம் கொஞ்சம் அமைதியா இருக்கும், அப்புறம் லேயோன் மாமா வீட்டுல இருந்து, சாரு வீட்டுல இருந்து, உபதேசியார் வீட்டுல இருந்து, தொம்மையண்ணன் வீட்டுல இருந்து, செவத்துக்கு அந்தப் பக்கம் மெற்றில்டா கிட்ட இருந்து, ஒண்ணு மாத்தி ஒண்ணா சந்தியாகுவோட அந்த வார்த்தை வரும், சொல்றவங்களுக்கே தெரியாம. கடைசி வீட்டுல இருந்தும் வந்து முடிஞ்சப்புறம்தான் அவ தட்ட எடுத்து வாயில வைப்பா.